காதா, குழாயா, கேஜா: பழைய வண்டியின் இரட்டைக் கார்புரேட்டரை எதை நம்பிச் சமப்படுத்துவது?

பழைய இரண்டு சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் தெரியும். ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடம் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு பக்கம் மட்டும் பின்தங்கி நொண்ட ஆரம்பிக்கும். ஹேண்டில் பாரில் இருக்கும் கண்ணாடி நடுங்கும். ஒரு சைலன்சர் குழாய் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், மற்றது வெதுவெதுப்போடு நின்றிருக்கும். உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவோம். இதை அரைச் சுற்று உள்ளே, அதைக் கால் சுற்று வெளியே. கொஞ்ச நேரத்தில் எந்தத் திருகு முதலில் எங்கே இருந்தது என்பதே மறந்துபோகும்.

அப்படி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான். அதற்குப் பிறகு பல வருடங்களில் காது, கம்பி, எண்ணெய்க் குழாய், முள் கேஜ், மின்னணுக் கருவி எல்லாவற்றையும் சொந்த வண்டிகளிலும் நண்பர்களின் வண்டிகளிலும் வைத்துப் பார்த்துவிட்டேன். எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்களுக்காக, பார்த்ததைச் சொல்கிறேன்.

கருவிகளுக்குப் போவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'ட்யூனிங்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. கார்புரேட்டர் என்பது காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குள் விடும் பாகம். ஒன்று, இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை உள்ளே விடுகின்றனவா என்று பார்ப்பது. இது சமப்படுத்தல். இன்னொன்று, அந்தக் காற்றோடு கலக்கும் பெட்ரோல் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது. இது கலவை. முதல் வேலைக்கான கருவி இரண்டாவதைப் பற்றி எதுவும் சொல்லாது, இரண்டாவதற்கானது முதலாவதைப் பற்றி வாய் திறக்காது. அன்றைக்கு நான் செய்தது இதுதான்: சமம் இல்லாத வண்டியில் கலவைத் திருகைத் திருகிக்கொண்டிருந்தேன்.

திருகைத் தொடுவதற்கு முன்

இந்தப் பகுதி யாருக்கும் பிடிக்காது, அதனால் சுருக்கமாக. வால்வு இடைவெளி, பாயிண்ட் இடைவெளி, இக்னிஷன் டைமிங், பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் டேப்பிலிருந்து தாராளமான ஓட்டம், மிதவை மட்டம் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம்). இவை அத்தனையும் சரியாக இருந்தால்தான் சமப்படுத்தலுக்கு அர்த்தம். கார்புரேட்டர் கோளாறு என்று பட்டறைக்கு வரும் வண்டிகள் பலவற்றில் குற்றவாளி இக்னிஷனின் கண்டன்சராகவோ தேய்ந்த பாயிண்டாகவோ இருப்பதை எந்த மூத்த மெக்கானிக்கும் சொல்வார்.

இரண்டு இடங்களை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வேன். முதலாவது, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் இன்டேக் ரப்பர். முப்பது நாற்பது வருட ரப்பர் வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வளைத்துப் பார்த்தால் உள்மடிப்பில் வெடிப்பு தெரியும். எஞ்சின் ஐட்லிங்கில், அதாவது முறுக்காமல் சும்மா, ஓடும்போது ரப்பரைச் சுற்றிக் கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனரைத் தெளியுங்கள். சூடான சைலன்சர் குழாய் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது பற்றிக்கொள்ளும் சரக்கு. எஞ்சின் வேகம் மாறினால் அங்கே காற்று கசிகிறது. அந்தக் கசிவை வைத்துக்கொண்டு எந்தக் கருவியாலும் சமப்படுத்த முடியாது.

இரண்டாவது, தேய்மானம். வட்ட ஸ்லைடு கார்புரேட்டரில் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஸ்லைடை, அதாவது முறுக்கும்போது மேலே எழுந்து காற்று வழியைத் திறக்கும் உருளையை, விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். 'கடகட' என்றால் ஐட்லிங் ஒருபோதும் ஓரிடத்தில் நிற்காது. பிரிட்டிஷ் வண்டிகளில் 1967 முதல் வந்த அமால் கான்சென்ட்ரிக் இதில் பேர்போனது. உடலும் ஸ்லைடும் ஒரே மாதிரி மென்மையான துத்தநாகக் கலவை, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பட்டர்ஃபிளை (காற்று வழியில் சுழன்று திறக்கும் வட்டத் தகடு) உள்ள கார்புரேட்டரானால் அதன் தண்டு இருக்கும் இரு முனைகளிலும் அதே தெளிப்புச் சோதனை. தண்டின் சீல் போயிருந்தால் அங்கேயும் காற்று திருட்டுத்தனமாக நுழையும்.

சுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. பைலட் ஜெட், அதாவது ஐட்லிங்குக்கான பெட்ரோலை அளந்துவிடும் பித்தளைத் துண்டு, அதன் துளை பொதுவாக அரை மில்லிமீட்டருக்கும் கீழே. வண்டி சில மாதம் நின்றாலே பெட்ரோல் வற்றி அரக்கு மாதிரிப் படிந்து அதை அடைத்துவிடும். எஃகுக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஊறவைத்து, காற்றடித்து, வேண்டுமானால் செம்புக் கம்பியின் ஒரு இழையை விட்டு எடுக்கலாம். ரிப்பேர் கிட் வாங்கினால் அதிலுள்ள ரப்பர், ஓ-ரிங், கேஸ்கெட்டை மட்டும் போட்டுக்கொண்டு ஜெட்டுகளை ஓரமாக வைத்துவிடுங்கள் என்பது என் கட்சி. வண்டியோடு வந்த பித்தளையை நான் சுலபத்தில் தூக்கி எறியமாட்டேன்.

காது

காதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரை மீட்டர் ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒரு கார்புரேட்டரின் வாயருகிலும் பிடியுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கும். அதே தூரத்தில், அதே கோணத்தில் அடுத்த வாயில் பிடித்தால் இரைச்சலின் கனம் மாறுவது தெரியும். பெரிய வித்தியாசத்தை இது உடனே காட்டிக்கொடுக்கும். சின்ன வித்தியாசத்தைக் காட்டாது.

பழைய பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டர்களுக்கு இதைவிட நல்ல காதுமுறை ஒன்று உண்டு. இரண்டு கார்புரேட்டர்களுக்கும் தனித்தனி ஐட்லிங் திருகு இருக்கும். ஒரு பிளக் வயரைக் கழற்றி ஒற்றைச் சிலிண்டரில் ஓட விட்டு, அது தட்டுத்தடுமாறி ஓடும் மிகக் குறைந்த வேகத்துக்குத் திருகை வைக்க வேண்டும். பிறகு இந்தப் பக்கத்தை நிறுத்தி மற்றப் பக்கத்தை அதே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு வயரையும் மாட்டினால் ஐட்லிங் வேகம் கூடியிருக்கும். அப்போது இரண்டு திருகையும் ஒரே அளவு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் தன் சொந்தப் பலத்தில் எவ்வளவு ஓடுகிறது என்பதையே நேராக ஒப்பிடுகிறோம் என்பதால் இது கேட்பதற்குத் தோன்றுவதைவிட நுட்பமானது. ஒரு எச்சரிக்கை: கழற்றிய வயரைத் தொங்கவிடாதீர்கள். அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி எஞ்சின் உடலில் படுமாறு வையுங்கள். மின்னணு இக்னிஷன் பொருத்திய வண்டியில் தொங்கும் வயர் அந்த யூனிட்டையே கொன்றுவிடலாம்.

இந்த முறை ஐட்லிங்கோடு நின்றுவிடும். முறுக்கும்போது இரண்டு கேபிள்களும் ஒரே நொடியில் ஸ்லைடைத் தூக்குகின்றனவா என்பதை விரலால்தான் பார்க்க வேண்டும். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இரண்டு ஸ்லைடுகளின் அடியில் வைத்துக்கொண்டு, உதவிக்கு ஒருவரை ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு விரல் மட்டும் விடுபட்டால், அந்தப் பக்கக் கேபிளின் தொய்வு குறைவு. யமஹா ஆர்டி 350 போன்ற டூ ஸ்ட்ரோக் இரட்டைகளுக்கு நான் வேறெதையும் நாடுவதில்லை. ஸ்லைடுகள் ஒன்றாக எழுந்து, ஒன்றாக வாயைத் திறந்து, கூடவே ஆயில் பம்பின் குறியும் பொருந்தினால் வேலை முடிந்தது.

கம்பி

கார்புரேட்டர்கள் வண்டியிலிருந்து கழன்று மேசையில் இருக்கும்போது செய்வது. ஒரு மில்லிமீட்டர் கம்பியையோ சிறிய டிரில் பிட்டின் வழவழப்பான பகுதியையோ ஒவ்வொரு ஸ்லைடு அல்லது பட்டர்ஃபிளையின் அடியிலும் செருகி, எல்லாம் ஒரே பிடிப்போடு பிடிக்கும்வரை இணைப்புத் திருகுகளைத் திருப்புவது. விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் பட்டர்ஃபிளை ஓரத்தில் தெரியும் ஒளிக்கீற்றையும் ஒப்பிடலாம். இது முடிவான சமப்படுத்தல் ஆகாது. சிலிண்டர்களின் கம்ப்ரஷனும் வால்வுகளும் கொஞ்சம் வேறுபடும், அதைக் கம்பி அறியாது. ஆனால் நான்கு கார்புரேட்டர் கொண்ட வண்டியைப் பிரித்துக் கோர்த்தபின் இதைச் செய்யாமல் நேரே கருவியில் மாட்டினால், பாதி நேரம் எஞ்சினை ஓடவைப்பதிலேயே போய்விடும்.

எண்ணெய்க் குழாய்

இதுதான் எனக்குப் பிடித்தது, அதனால் நீட்டுவேன்.

நான்கு மீட்டர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், ஒரு நீளப் பலகை, கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில். குழாயைப் பலகையில் 'ப' வைத் தலைகீழாக்காமல் அப்படியே எழுதும் வடிவில், அதாவது அடிப்பக்கம் வளைந்து இரு கைகளும் மேலே போகும்படி ஒட்டிக்கொள்ள வேண்டும். அரை மீட்டர் உயரம்வரை இரண்டு கைகளிலும் எண்ணெய் நிற்கட்டும். இரு முனைகளையும் இரண்டு இன்டேக்கிலுள்ள வாக்குவம் (உறிஞ்சல்) துளைகளில் மாட்ட வேண்டும். பல ஜப்பானிய வண்டிகளில் இந்தத் துளைகளை ஒரு சின்ன ஸ்க்ரூவோ ரப்பர் மூடியோ அடைத்திருக்கும். எஞ்சினை ஓட விட்டால், எந்தப் பக்கம் உறிஞ்சல் அதிகமோ அந்தப் பக்கம் எண்ணெய் ஏறும். இரண்டும் சமமானால் எண்ணெய் அசையாமல் நிற்கும். அவ்வளவுதான் கருவி.

இதன் நுட்பம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டால் தெரியும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். சர்வீஸ் கையேடுகள் சமப்படுத்தலில் அனுமதிக்கும் வித்தியாசத்தை வழக்கமாகப் பாதரச அளவில் சொல்லும். 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முள் கேஜில் இது முள்ளின் ஒரு சின்னச் சாய்வு. அதே வித்தியாசம் தண்ணீரில் 27 செ.மீ. உயரம். எண்ணெய் தண்ணீரைவிட இலேசு என்பதால் அதில் 30 செ.மீ.யையும் தாண்டும். கையேடு 'போதும்' என்று சொல்லும் இடத்தில் எண்ணெய்க் குழாய் ஒரு அடி கோணலைக் காட்டிக்கொண்டு நிற்கும். நாம் அதை ஒரு விரல்கடை வித்தியாசத்துக்குக் கொண்டுவந்து வைக்கலாம்.

நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும்தான். ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை அளவு உறிஞ்சுகிறது என்ற எண் சமப்படுத்தலுக்குத் தேவையே இல்லை. எண்ணெய்க் குழாய் அந்த அளவைக் காட்டுவதும் இல்லை, ஆகவே அதில் பிழைவிடவும் வழியில்லை. இரண்டு பக்கத்தையும் அளப்பது ஒரே எண்ணெய்.

ஆபத்தும் இதே கணக்கில்தான் இருக்கிறது. ஐட்லிங்கில் நல்ல எஞ்சின் ஒன்று 20 செ.மீ. பாதரசம் அளவுக்கு உறிஞ்சினால், அது தண்ணீரில் 2.7 மீட்டர். ஒரு பக்கக் குழாய் நழுவிவிட்டால், உங்கள் அரை மீட்டர் எண்ணெய் முழுவதும் மறுபக்கச் சிலிண்டருக்குள் ஓர் இமைப்பொழுதில் போய்விடும். எனக்கு ஒரு முறை போயிருக்கிறது. ஷெட் முழுக்க வெள்ளைப் புகை, நாய் ஓடிப்போய்விட்டது, பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். டூ ஸ்ட்ரோக் ஆயில் எரிவதற்கென்றே செய்யப்பட்டது என்பதால் அதோடு முடிந்தது. மற்ற திரவங்களை விட்டு இதை எடுத்ததற்குக் காரணமும் அதுதான். இப்போது இரு கைகளின் மேல்முனையிலும் காற்றுப் புகாத சிறிய பாட்டில் ஒன்றை இடையில் கோர்த்திருக்கிறேன். எண்ணெய் ஏறினால் பாட்டிலில் விழும்.

இன்னொரு தொல்லை துடிப்பு. ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் எண்ணெய் குதிக்கும், எதையும் படிக்க முடியாது. குழாயின் வாயில் ஒரு பழைய பைலட் ஜெட்டைச் செருகிவிட்டேன். அந்தச் சின்னத் துளை துடிப்பை விழுங்கிவிடும், எண்ணெய் நிதானமாக ஏறி இறங்கும். இரு பக்கத்திலும் ஒரே அளவு ஜெட் போட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

படிக்கும்போது எல்லோரும் ஒரு முறையாவது தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். எண்ணெய் ஏறும் பக்கம் அதிகம் திறந்திருக்கிறது என்று தோன்றும். உண்மை நேரெதிர். அதிகம் மூடியிருக்கும் பக்கத்தில்தான் உறிஞ்சல் பலமாக இருக்கும். எண்ணெய் ஏறிய பக்கத்தைக் கொஞ்சம் திற, அல்லது இறங்கிய பக்கத்தைக் கொஞ்சம் மூடு. நான்கு சிலிண்டர் வண்டியானால் ஒரே குழாயை வைத்து முதலில் ஒன்றையும் இரண்டையும், அடுத்து மூன்றையும் நான்கையும், கடைசியில் இந்த இரண்டு ஜோடிகளையும் சமப்படுத்தலாம். மூன்று முறை குழாய் மாற்ற வேண்டும், பிறகு ஒரு சுற்று சரிபார்க்க வேண்டும். அலுப்புதான், ஆனால் நடக்கும்.

இதற்குள் எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு ஓடாத வண்டியில் காற்று ஏது? முன்னால் ஒரு பெரிய மின்விசிறியை வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்திவிட வேண்டும். கதவு திறந்திருக்கட்டும், புகை ஆளைக் கொல்லும். டேங்கைக் கழற்றியிருந்தால் பெட்ரோலை ஒரு சிறிய பாட்டிலில் உயரே தொங்கவிட வேண்டும்.

முள் கேஜும் மற்றவையும்

உறிஞ்சலை முள்ளால் காட்டும் நான்கு கேஜ்கள் ஒரு தகட்டில் வரிசையாக நிற்கும் செட் பார்க்க அழகாக இருக்கும். நானும் ஒன்று வாங்கினேன். முதல் நாள் நான்கு முள்ளையும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டுப் பெருமையோடு வண்டியை எடுத்தேன். முன்னைவிட மோசமாக நடுங்கியது. திரும்பி வந்து குழாய்களை மட்டும் இடம் மாற்றி மாட்டினேன். முதல் கேஜின் குழாய் மூன்றாம் சிலிண்டருக்கு, மூன்றாவதன் குழாய் முதல் சிலிண்டருக்கு. எஞ்சினில் எதையும் தொடவில்லை. இப்போது முட்கள் சமமாக இல்லை. ஒரு கேஜ் மற்றவற்றைவிட எப்போதும் சற்றுக் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. நான் எஞ்சினைச் சமப்படுத்தியிருக்கவில்லை, கேஜின் பிழைக்கு ஏற்ப எஞ்சினைக் கோணலாக்கியிருந்தேன்.

கேஜ் கெட்ட கருவி என்று சொல்ல மாட்டேன். நான்கையும் ஒரே துளையில், 'டி' இணைப்புகள் போட்டு, முதலில் மாட்டிப் பாருங்கள். எது எவ்வளவு பிசகுகிறது என்று பேனாவால் கண்ணாடியிலேயே எழுதிவையுங்கள். அதற்குப் பிறகு பயன்படுத்தினால் நன்றாகவே உதவும். முள் துடிப்பைக் குறைக்கும் வால்வை அளவுக்கு மேல் இறுக்கினால் முள் செத்துப்போய் ஒரே இடத்தில் நிற்கும், அதையும் கவனிக்க வேண்டும். நான்கு சிலிண்டரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம் என்பது மட்டும் எண்ணெய்க் குழாயால் தர முடியாத வசதி. உறிஞ்சலின் முழு அளவையும் கேஜ் சொல்லும். ஒரு சிலிண்டர் மட்டும் எப்படித் திருகினாலும் ஏறாமல் கிடந்தால், அது வால்வு இடைவெளியையோ கம்ப்ரஷனையோ பார் என்று சொல்கிறது. எண்ணெய்க்கு இந்த மொழி தெரியாது.

மின்னணுக் கருவி துடிப்பைச் சராசரி எடுத்துத் தெளிவாகக் காட்டும், வேகத்தையும் கூடவே காட்டும். வாரம் நான்கு வண்டி செய்பவருக்கு இது சரி. வருடத்துக்கு ஒருமுறை தன் ஒரே வண்டியைச் செய்பவருக்கு, அதன் பேட்டரி ஒழுகிக் கிடப்பதைப் பார்க்கும் வேலைதான் மிஞ்சும்.

பாதரசக் குழாய்க் கருவி ஒரு காலத்தில் பட்டறைகளில் சாதாரணம். யாராவது பழையதைத் தந்தாலும் வாங்காதீர்கள். பாதரச ஆவி நரம்பைத் தாக்கும் நஞ்சு. 2013-இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை பாதரசம் கொண்ட அளவுக்கருவிகளை 2020-க்குள் படிப்படியாக ஒழிக்கச் சொன்னது. எண்ணெயைக் குடித்தால் எஞ்சின் புகைவிட்டு நிறுத்திக்கொள்ளும். பாதரசத்தைக் குடித்தால் அது ஆவியாக நம் மூக்குக்குத்தான் திரும்பி வரும்.

வாக்குவம் துளையே இல்லாத பழைய இன்டேக் என்றால், கார்புரேட்டரின் வாயில் பிடித்துக் காற்றோட்டத்தை அளக்கும் மீட்டர் உண்டு. துளை போட மனமில்லாதவர்களுக்கு நல்ல வழி. ஆனால் வாயை அது கொஞ்சம் மறைப்பதால், பிடித்த கணத்திலேயே எஞ்சின் வேகம் மாறும். படித்ததும் எடுத்துவிட வேண்டும். ஒற்றைச் சிலிண்டர் காதுமுறையைவிட இது பெரிதாக மேல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கலவைக்கு எதை நம்புவது

சமப்படுத்திய பிறகும் வண்டி முறுக்கும்போது திக்கினால், அது கலவையின் விஷயம். இங்கே முதல் கருவி ஹேண்டில் பாரில் ஒட்டும் ஒரு துண்டு டேப். ஆக்ஸிலேட்டர் பிடியில் கால், அரை, முக்கால் திறப்புகளுக்குக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கோட்டில் திக்குகிறது என்பது எந்தப் பாகம் பிழை என்று சொல்லிவிடும். மூடியதிலிருந்து கால்வரை பைலட் ஜெட்டும் ஸ்லைடின் அடியோர வெட்டும். காலிலிருந்து முக்கால்வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியும் அது நுழையும் ஜெட்டும். அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும், ஆனாலும் தேடும் இடம் கால்பங்காகிவிடும். எண்பதில் போகும்போது திக்குகிறது என்று சொல்வதில் பயனில்லை. எந்தத் திறப்பில் என்று சொல்ல வேண்டும்.

ஐட்லிங் கலவைக்குக் காது போதும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கையேட்டில் சொன்ன சுற்றிலிருந்து ஆரம்பித்து, எஞ்சின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தைத் தேட வேண்டும். பிறகு ஐட்லிங் திருகால் வேகத்தைக் குறைத்து, மறுபடி தேட வேண்டும். திருகு எந்த வகை என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் திருகு, வெளியே திருகினால்தான் கூடும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு நாள் முழுக்கத் திண்டாடியவர்கள் நிறைய.

மெயின் ஜெட்டுக்குக் காதை நம்பவே கூடாது. பெட்ரோல் குறைவாக ஓடும் எஞ்சின் சில நேரம் துள்ளலாக, இனிமையாகவே ஒலிக்கும், பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடிக்கும் வரைக்கும். இங்கே இரண்டு வழி. பழைய வழி பிளக்: புது பிளக் போட்டு, பாதுகாப்பான நீண்ட சாலையில் முழுத் திறப்பில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இக்னிஷனை அணைத்து நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. பீங்கானின் அடிவளையம் வெளிர் பழுப்பாக இருந்தால் சரி, சுண்ணாம்பாக இருந்தால் பெட்ரோல் குறைவு, கரியாக இருந்தால் கூடுதல். அணைக்காமல் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து பார்த்தால் ஐட்லிங்கின் நிறத்தைத்தான் பார்ப்பீர்கள்.

புதிய வழி, சைலன்சர் குழாயில் துளையிட்டுத் திருகி மாட்டும் அகலவீச்சு ஆக்ஸிஜன் சென்சார். கலவையை ஓடும்போதே எண்ணாகக் காட்டும். பெட்ரோலுக்குச் சமநிலைக் கலவை, அதாவது காற்றும் பெட்ரோலும் மிச்சமில்லாமல் எரியும் கலவை, 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு. முழுத் திறப்பில் நல்ல இழுவைக்கு 12.5 முதல் 13 வரை தேவைப்படும். பிளக் 'கொஞ்சம் வெளுப்பு' என்று சொல்லுமிடத்தில் இது '14.2' என்று சொல்லும். ஏர் ஃபில்டரையோ சைலன்சரையோ மாற்றியவர்கள் இதற்கு மெனக்கெடுவது வீண்போகாது. எதையும் மாற்றாமல் கம்பெனி ஜெட்டோடு ஓடும் வண்டிக்குக் குழாயில் துளை போடுவது அநாவசியம். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய்ப் புகை சென்சாரைச் சீக்கிரம் கெடுத்துவிடும், அங்கே பிளக்குதான்.

எத்தனால் கலந்த பெட்ரோல் போடுபவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. எத்தனாலின் சமநிலைக் கலவை 9-க்கு 1. பத்து சதவீதம் கலந்தாலே சமநிலை 14.1 அளவுக்கு இறங்கும். அதாவது முன்பு சரியாக இருந்த அதே ஜெட் இப்போது லேசாகப் பெட்ரோல் குறைவாகத் தருகிறது. சமப்படுத்திய பிறகும் சூட்டில் திக்கினால், ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கி, அதாவது ஊசியை உயர்த்திப் பார்க்கலாம்.

எதை எடுப்பேன்

இரண்டு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், வாக்குவம் துளை உள்ள வண்டி என்றால் யோசனையே இல்லை, எண்ணெய்க் குழாய். நான்கு சிலிண்டர் என்றால் முதலில் மேசையில் கம்பி, பிறகு பிழை எழுதிவைத்த கேஜ் செட். கேஜ் இல்லையென்றால் பொறுமையோடு அதே எண்ணெய்க் குழாய். துளை இல்லாத பழைய இரட்டைக்கு ஒற்றைச் சிலிண்டர் காதுமுறையும் விரலும். டூ ஸ்ட்ரோக்குக்கு விரல் மட்டும்.

ஸ்லைடு தேய்ந்திருந்தால் இவை எதுவும் வேண்டாம், அதே மாடலில் புதிய கார்புரேட்டர் வாங்குங்கள். வேறு மாதிரி ரேசிங் கார்புரேட்டர் போட்டால் ஜெட் தேடும் வேலை முதலிலிருந்து ஆரம்பமாகும், அதை ஒரு பொழுதுபோக்காக விரும்புபவருக்கு மட்டுமே அது சரி. இரட்டையைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கார்புரேட்டர் பொருத்துவதைப் பலர் பாவம்போல் பேசுகிறார்கள். 1960-களில் டிரையம்ப் நிறுவனமே 650 சிசி எஞ்சினை இரட்டையோடு பானவில் என்றும் ஒற்றையோடு டிஆர்6 என்றும் பக்கத்துப் பக்கத்தில் விற்றது. உச்ச வேகத்தில் பானவில் கொஞ்சம் முந்தும். சாதாரணமாக ஓட்டுபவருக்கு டிஆர்6-இல் சமப்படுத்த எதுவுமே இல்லை.

என் வண்டி இன்னும் இரட்டைதான். பலகை ஷெட்டின் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. எண்ணெய் பழுப்பேறிவிட்டது, பாட்டில்களில் ஒன்றின் மூடி கொஞ்சம் கசிகிறது. அடுத்த முறை மாட்டுவதற்கு முன் அந்த மூடியை மாற்ற வேண்டும்.